பின்கட்டுச் சுவருக்கு சிமெண்ட் வேண்டாம்

பாத், இங்கிலாந்து
16.2.2025

அன்புள்ள அப்பச்சிக்கு,

நாங்கள் நலம். ஆத்தாவுக்கு மூட்டுவலி தேவலையா? நம்ம வீட்டுப் பின்கட்டுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசப் போவதாகத் தம்பி ஃபோனில் சொன்னான். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாங்கள் வாங்கிய வீடு 1790களில் கட்டியது. இந்த ஊரே தேன் நிறக் கல்லால் ஆனது. 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் குளிர்காலத்தில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். சாதாரண வீட்டுக்கு கேஸ், கரண்ட் இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு 1,738 பவுண்டு ஆகும் என்று இங்கே கணக்குச் சொல்கிறார்கள். எங்களுக்கு ஜனவரி மாத கேஸுக்கு மட்டும் 310 பவுண்டு, நம்ம பணத்தில் 33,000 ரூபாய். அதுவும் ஒரே அறையை 18 டிகிரியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் அங்கேயே படுத்து எழுந்து!

ஜன்னல்களெல்லாம் மேலும் கீழும் தள்ளுகிற மரச்சட்டம், ஒற்றைக் கண்ணாடி. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அனுமதி இல்லாமல் மாற்றினால் கிரிமினல் குற்றம். உள்பக்கமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் வைத்துக்கொண்டோம். ஜன்னலோரம் சுவருக்குள் மடித்துவைத்த பழைய மரக்கதவுகள் பெயின்ட்டில் ஒட்டிக் கிடந்தன. உங்கள் மருமகள் பொறுமையாகப் பிரித்தெடுத்தாள். ராத்திரி அவற்றைச் சாத்தினால் சூடு நிற்கிறது. கட்டினவர்கள் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

இப்போது சுவர் விஷயம். இங்கே எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர் பின்சுவருக்கு சிமெண்ட் பூசியிருக்கிறார். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே காய்ந்துவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிட்டது. பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து, கல் ஏடு ஏடாக உதிர்கிறது. ஈரச் சுவரில் சூடும் தங்குவதில்லை. சிமெண்ட்டைக் கொத்தியெடுத்து மறுபடி சுண்ணாம்பு பூச 9,000 பவுண்டு கேட்கிறார்கள், மேலே 20 சதவீத வரி. புது வீடு கட்டினால் அந்த வரி கிடையாதாம். இருக்கிற வீட்டைக் காப்பாற்றுகிறவனுக்குத்தான் வரி. எனக்கு அது பொறுக்கவில்லை.

அப்பச்சி, நம்ம ஊரில் பனி உறையாது, ஆனால் ஈரம் எங்கும் ஈரம்தான். ஐயா காலத்தில் கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்த சுண்ணாம்பு அது. இன்றும் கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. உதிர்ந்த இடத்தை மட்டும் சுண்ணாம்பிலேயே பூசச் சொல்லுங்கள். முகப்பைப் பூசிய பெரிய கொத்தனாரின் மகன் காரைக்குடியில்தானே இருக்கிறார்? கூப்பிட்டுக் காட்டுங்கள். பங்காளிகள் கூலி அதிகம் என்றால், கூடுகிற தொகை முழுவதும் என் பொறுப்பு. முதலில் 40,000 ரூபாய் இந்த வாரமே தம்பி கணக்கில் போடுகிறேன். அவனைத் திட்டாதீர்கள், சிக்கனமாக முடிக்கலாம் என்றுதான் நினைத்திருப்பான்.

ஆத்தாவுக்குக் கம்பளிச் சால்வை தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்