இரவு 9 மணிக்குக் கொப்பியைத் திறக்காதீர்கள்

திருகோணமலையில் வேலைக்குப் போய் வரும் அம்மா அப்பாமாருக்கு,

ஆஸ்பத்திரி டியூட்டி, துறைமுக ஷிப்ட், நிலாவெளி ஹோட்டல், கடை. எதுவானாலும் வீடு வந்து சேர 6, 7 மணியாகிவிடும். சமைத்துச் சாப்பாடு கொடுத்து, 9 மணிக்கு வட்ஸ்அப்பைத் திறந்தால் வகுப்புக் குறூப்பில் வீட்டுவேலை. பிள்ளைக்குக் கண் சொருகுகிறது. நீங்கள் விடையைச் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. மறுநாள் கொப்பி முழுக்கச் சரி. விளங்கிவிட்டதென்று ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

முடியாத இரவில் "2ஆம் கணக்கு விளங்கவில்லை" என்று கொப்பி ஓரத்தில் எழுதி அனுப்புங்கள். சொல்லிக்கொடுத்து நிரப்பிய பக்கத்தைவிட அந்த ஒரு வரிதான் ஆசிரியர்களான எங்களுக்கு உதவும்.

வீட்டுக்கு வந்ததும், இராச்சாப்பாட்டுக்கு முன் 20 நிமிடம் ஒதுக்குங்கள். "இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்றுதான் வரும். அன்றைய பக்கத்தை விரித்து, "இதை எப்பிடிச் செய்தனீ, எனக்குக் காட்டு" என்று கேளுங்கள்.

தரம் 3 பிள்ளை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கும். கவனயீனம் என்று ஏச வேண்டாம். 2இலிருந்து 7 போகாது என்று கண்டு, 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, முறைதான் பிழை. இன்னும் பத்துக் கணக்குக் கொடுத்தால் அதே பிழை பத்துத் தரம் ஊறும்.

விளக்குமாற்று ஈர்க்கை விரலளவாக 52 துண்டு முறியுங்கள். பத்துப் பத்தாக நூலால் 5 கட்டு, உதிரி 2. "27ஐ எடு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். 7 உதிரி இல்லாமல் பிள்ளை முழிக்கும். பிறகு தானே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது கட்டு 4, உதிரி 12. எடுத்தபின் மிஞ்சுவது 2 கட்டும் 5 உதிரியும். அவசரப்பட்டு நீங்கள் அவிழ்த்துக் கொடுத்தால் நாளைக்கும் 35தான்.

சொல்வதெழுதலில் வேறு சிக்கல். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். "மழை"யைக் காதால் கேட்டுப் பிள்ளை "மளை" என்று எழுதுவதில் வியப்பில்லை. இதைக் கண்தான் திருத்தும். ஒரு நாளைக்கு 5 சொல் போதும்: பார்க்க, மூட, எழுத, திறந்து ஒப்பிட. பிழைத்ததை மறுநாளும், பிறகு ஞாயிற்றுக்கிழமையும் கேளுங்கள். 20 தரம் எழுதச் சொன்னால் நாலைந்து வரிக்குப் பிறகு கை மட்டும்தான் எழுதும்.

இரவு ஷிப்ட் என்றால், பிள்ளை ஒரு பந்தியை வாசித்து வொய்ஸ் அனுப்பட்டும். தேநீர் நேரத்தில் கேட்டு, கதையைப் பற்றி ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புங்கள். உச்சரிப்பைத் திருத்தப் போகாதீர்கள், அடுத்த நாள் வொய்ஸே வராது. வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது: பிள்ளை வாசித்துக் காட்டித்தான் ஆக வேண்டும்.

பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் பீடிஎப்பாக இருக்கின்றன. போனில் இறக்கி வைத்தால் பஸ்ஸிலேயே அடுத்த பாடத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் வீட்டாருக்கு ஒன்று: மாதிரி வினாத்தாளைக் கட்டுக்கட்டாக வாங்குவதிலும், செய்த தாளில் பிழைத்த 5 வினாவை மூன்று நாள் கழித்துத் திரும்பச் செய்விப்பது மேல்.

சீசன் நேரத்தில் ஹோட்டல்காரருக்கு 20 நிமிடமும் கிடைக்காது. காலையில் தலை இழுக்கும்போது முதல்நாள் 5 சொல்லையும் வாயால் எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்
திருகோணமலை