பயமுறுத்தாத மர்ம வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மர்ம மாளிகைக் கதைகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, நள்ளிரவுக் காலடியோசை ஆகிய மூன்றையும் கலந்துவிட்டால் கோதிக் எனப்படும் திகில் நாவல் தயார் என்றும், அதற்கு மேல் அவ்வகையில் ஒன்றும் மிச்சமில்லை என்றும் கட்டுரையாளர் தீர்ப்பளித்திருந்தார். அண்மையில் நான் மிகவும் ரசித்துப் படித்த ஒரு நாவல் அந்தத் தீர்ப்புக்கு அடங்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆங்கில எழுத்தாளர் சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' 2020-இல் வெளிவந்து, மறு ஆண்டே பெண் எழுத்தாளர்களின் நாவல்களுக்கான பிரிட்டனின் 'விமன்ஸ் பிரைஸ்' பரிசைப் பெற்றது. கதை நடக்கும் வீட்டுக்கு முடிவென்பதே இல்லை. மண்டபத்தை அடுத்து மண்டபம், சுவரெங்கும் பளிங்குச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். அங்கே மீன் பிடித்தும், கடற்பாசியைக் காயவைத்து எரித்தும், கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் கணக்கிட்டும் வாழ்பவன்தான் கதைசொல்லி. உலகம் தோன்றிய நாள்முதல் மொத்தம் பதினைந்து பேரே இருந்திருக்கிறார்கள் என்று அவன் நம்புகிறான்: அவன் ஒருவன், செவ்வாயும் வெள்ளியும் மணி தவறாமல் அவனைச் சந்திக்கும் இன்னொருவர், எலும்புகளாகக் கிடக்கும் பதின்மூன்று பேர்.

எலும்புக்கூடு என்றதும் கட்டுரையாளரின் பட்டியல் நினைவுக்கு வரலாம். ஆனால் இவன் அவற்றைக் கண்டு அஞ்சுவதில்லை. உணவும் நீரும் அல்லி மலர்களும் கொண்டுபோய் வைத்து, நம் வீட்டுப் பெரியவர்களை விசாரிப்பதுபோல் அவற்றை விசாரித்து வருகிறான். கூடு கட்ட வழியின்றி வந்து சேர்ந்த இரண்டு ஆல்பட்ராஸ் பறவைகளுக்கு, குளிர்காலத்தில் எரிக்கவென்று சேர்த்து வைத்திருந்த பாசியிலிருந்து அள்ளிக் கொடுத்துவிட்டு, தான் சில நாள் குளிரில் நடுங்கினால் போகிறது என்று எண்ணிக்கொள்கிறான். ஆண்டுகளுக்கு எண் இடாமல் பெயர் சூட்டும் வழக்கமுள்ள அவன், அந்த ஆண்டை ஆல்பட்ராஸ் வந்த ஆண்டு என்றே தன் நாட்குறிப்பில் அழைக்கிறான். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்படியானால் நடுக்கம் எங்கே என்று கேட்கலாம். அது முழுக்க வாசகர் பக்கம் இருக்கிறது. சந்திக்க வருபவரின் கையில் மின்னும் கருவி ஒன்று இருப்பதாக அவன் வெகுளியாக எழுதும்போது, அது என்னவென்று நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவர் கொண்டுவந்து தரும் புதுக் காலணிகளுக்காக அவன் மனம் நெகிழ்ந்து நன்றி சொல்லும்போது, நமக்கு அடிவயிறு கலங்குகிறது. பேயோ சாபமோ இல்லாமல், நம்மைவிடக் குறைவாக அறிந்த நல்லவன் ஒருவனை நாட்குறிப்பு எழுதவிட்டே ஆசிரியர் இதைச் சாதித்திருக்கிறார்.

நாவலின் பெயர் 18-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் செதுக்கோவியர் பிரனேசியைச் சுட்டுவது. எங்கும் போய்ச் சேராத படிக்கட்டுகளும் வானுயர வளைவுகளும் நிறைந்த கற்பனைச் சிறைகளை அவர் ஓர் ஓவிய வரிசையாக வரைந்தார். அவ்வரிசையின் திருத்திய பதிப்பு 1761-இல் வெளிவர, முதல் கோதிக் நாவல் எனப்படும், ஆங்கில எழுத்தாளர் வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை' 1764-இல் வந்தது. ஆக, இந்த வீட்டின் அடித்தளம் கோதிக் மரபைவிடச் சற்றே பழையது. அந்தச் சிறைகளின் பிரம்மாண்டத்தை அப்படியே எடுத்துக்கொண்ட கிளார்க், அதற்குள் குடியிருப்பவனுக்கு அது சிறையென்றே தோன்றாதபடி செய்துவிட்டார். முதல் நாவலுக்குப் பின் பல்லாண்டுகள் நோயினால் வீட்டோடு முடங்கிக் கிடந்தவர் எழுதியது இது என்பதைப் படித்து முடித்த பிறகே அறிந்தேன். முன்பே அறிந்திருந்தால் வேறுவிதமாகப் படித்திருப்பேனோ என்னவோ.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பகுதியில் துப்பறியும் கதைக்குரிய வேகத்தில் முடிச்சுகள் அவிழ்கின்றன. அதுவரை நிதானமாக நடந்த நடை சற்றே மூச்சிரைக்கிறது. தீயவராக வருபவர்கள் தீயவர்கள் என்பதற்கு மேல் மனத்தில் நிற்கவில்லை. தொடக்கத்து மண்டப எண்களும் திசைகளும் பொறுமையைச் சோதிக்கும். நானும் ஒரு தாளில் வரைபடம் போட்டு, ஐந்தாறு மண்டபங்களுக்குள் வடக்கும் மேற்கும் குழம்பிப்போய், அந்தத் தாளையே பக்க அடையாளமாகச் செருகிவிட்டுப் படித்தேன். வரைபடம் இல்லாமலும் வழி தவறவில்லை.

இந்நாவலைப் பற்றித் தங்கள் இதழில் எவரேனும் மதிப்புரை எழுத முன்வந்தால், கதைசொல்லி யார், அந்த வீட்டுக்கு எப்படி வந்தான் என்பதை மட்டும் வெளியிடாதிருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். என் பிரதி இப்போது தங்கையிடம் இருக்கிறது. அவள் எவ்வளவோ கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி