பரிமாற்றப் பருவத்துக்கு முன் மொழிப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொள்ளும் செய்திகள் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அடிக்கடி வெளிவருகின்றன. அத்தகைய ஒரு திட்டத்தின் வழியாக 2024 செப்டம்பர் முதல் 2025 ஜனவரி வரை, ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரை நகரமான வலென்சியாவில் ஒரு செமஸ்டர் படித்துத் திரும்பிய சிவில் பொறியியல் மாணவி நான். அச்செய்திகளில் இடம்பெறாத ஒன்றைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணையும் ஆங்கிலத் தேர்ச்சியையும் பார்க்கும் நம் கல்லூரிகள், அவர் போய் வாழவிருக்கும் ஊரின் மொழியைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அந்த மொழியை அடிப்படை அளவிலாவது கற்பித்து அனுப்புவதைக் கல்லூரிகள் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

ஐந்து மாதங்கள் தங்குவதற்கு ஒரு புதிய மொழியா, வகுப்புகள்தாம் ஆங்கிலத்தில் நடக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. நான் படித்த வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியம், அப்பகுதியின் சொந்த மொழியான வலென்சியம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வகுப்புகள் நடக்கின்றன என்றாலும், ஆங்கிலத்தில் கிடைப்பவை ஒரு பகுதி மட்டுமே. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர், தன் பட்டப்படிப்புக்கு எது தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லாமல், ஆங்கிலத்தில் எது நடக்கிறதோ அதைப் பதிவுசெய்கிறார். ஊர் திரும்பியதும், அந்தப் பாடங்கள் நம் பாடத்திட்டத்தோடு பொருந்தவில்லை என்று துறை கைவிரித்துவிட்டால், விடுபட்ட தாள்களை ஜூனியர் மாணவர்களோடு அமர்ந்து எழுத வேண்டியதுதான். ஐரோப்பியக் கணக்கில் ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். ஒவ்வொரு கிரெடிட்டும் வகுப்பு, ஆய்வுக்கூடம், தனியே படிப்பது, தேர்வு எல்லாம் சேர்ந்த 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அவ்வளவு உழைப்பும் இங்கே கணக்கில் வராமல் போகும்போது மாணவர்கள் படும் மனவேதனை பெரிது. மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் புறப்பாட்டுக்கு முன்பே கையெழுத்திடும் கற்றல் ஒப்பந்தம் இதைத் தடுக்கத்தான் வகுக்கப்பட்டது. ஆனால் தேர்ந்தெடுப்பதற்கே பாடங்கள் இல்லையென்றால் அந்த ஒப்பந்தத்தால் என்ன பயன்?

வகுப்பறைக்கு வெளியே இழப்பது இதைவிட அதிகம். வலென்சியாவைச் சுற்றி ஓர்த்தா என்றழைக்கப்படும் பாசன நிலம் விரிந்து கிடக்கிறது. தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் நீரைப் பங்கிடுவதில் எழும் வழக்குகளை விசாரிக்க, விவசாயிகள் தமக்குள்ளேயே தேர்ந்தெடுத்த நீதிமன்றம் ஒன்று வியாழக்கிழமைதோறும் நண்பகல் 12 மணிக்குத் தலைமைத் தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் கூடுகிறது. கறுப்பு அங்கி அணிந்த உறுப்பினர்கள் அரைவட்டமாக அமர்ந்திருக்க, காவலர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூவி, அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர் உண்டா என்று கேட்கிறார். விசாரணை முழுவதும் வாய்மொழியாகவே, வலென்சியத்தில் நடக்கிறது. தீர்ப்பும் அங்கேயே சொல்லப்பட்டுவிடும். 2009இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்த அமைப்பு இது. வழக்கு ஏதும் இல்லாத வாரங்களில் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுவதால், கைப்பேசியில் படமெடுக்கக் கூடும் சுற்றுலாப் பயணிகள் அதோடு கலைந்துவிடுகிறார்கள். மடை திறப்பதற்கும் முறை வைத்துப் பாய்ச்சுவதற்கும் ஊருக்கு ஊர் வழக்கு நடக்கும் தஞ்சைப் பகுதியிலிருந்து சென்ற எனக்கோ, கலைந்த பிறகு அங்கிருந்த விவசாயிகளிடம் கேட்கத்தான் கேள்விகள் நிறைய இருந்தன. வறட்சிக் காலத்தில் யாருக்கு முதல் தண்ணீர், கடைமடைக்காரரின் குறையை யார் கேட்பது, அபராதத்தைக் கட்ட மறுத்தால் என்னவாகும் என்றெல்லாம் சொந்த முயற்சியில் கற்றுச் சென்றிருந்த ஸ்பானியத்தில் கேட்டேன். அவர்களும் பொறுமையாக விளக்கினார்கள். நீர் மேலாண்மை பற்றி எந்தப் பாடநூலிலும் நான் படித்திராத விஷயங்கள் அந்த வாசலில் கிடைத்தன.

2024 அக்டோபர் 29ஆம் தேதியைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் நிறைவுபெறாது. அன்று வலென்சியா மாகாணத்தின் உட்பகுதியில், டூரிஸ் என்ற ஊரில், 24 மணி நேரத்தில் 770 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. வழக்கமாக வறண்டு கிடக்கும் போயோ காட்டோடை பெருக்கெடுத்து, மழையே அதிகம் பெய்யாத பைபோர்த்தா, கத்தரோஹா போன்ற ஊர்களுக்குள் மாலையில் புகுந்தது. 220க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. வானிலை மையம் காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. வலென்சியா பல்கலைக்கழகம் அன்றைய வகுப்புகளை முன்கூட்டியே ரத்துசெய்திருந்தது. ஆனால் கைப்பேசிகளுக்கான அவசர எச்சரிக்கை இரவு 8.11 மணிக்குத்தான் வந்தது. அதற்குள் பல தெருக்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. 1957 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றை நகரின் தெற்கே திருப்பிவிட வெட்டிய புதிய கால்வாய் நகரின் மையப்பகுதியைக் காத்தது; பழைய ஆற்றுப்படுகை இன்று மாணவர்கள் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் போகும் பூங்காவாக இருக்கிறது. கால்வாய்க்குத் தெற்கே இருந்த ஊர்கள்தாம் முழு அடியையும் வாங்கின. கடலோர நகரத்தின் எந்தப் பகுதியில் வீடு பார்க்கிறோம், அதன் பின்னால் எந்த ஓடை இருக்கிறது என்பது மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்பதை, 2015இல் அடையாற்றின் வெள்ளத்தைக் கண்ட சென்னை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காலையிலிருந்தே உள்ளூர் வானொலி சொன்னதும், குடியிருப்பின் குழுச் செய்திகளில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் எச்சரித்ததும் ஸ்பானியத்திலும் வலென்சியத்திலும்தாம். அவை புரிந்த மாணவர்கள் வெளியே போகவில்லை. புரியாதவர்களை நாங்கள் தொலைபேசியில் அழைத்துத் தடுத்தோம். அடுத்த நாட்களில், துடைப்பமும் மண்வாரியும் குடிநீரும் சுமந்து, தெற்கே செல்லும் நடைபாலத்தின் வழியாக ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அவர்களில் பல நாடுகளின் பரிமாற்ற மாணவர்களும் இருந்தார்கள். சேறு வாருவதற்கு மொழி தேவையில்லை என்பது உண்மை. ஆனால் மின்தூக்கி நின்றுபோன கட்டடத்தின் மேல்மாடியில் தனித்திருந்த முதியவர்களுக்கு எந்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வெளியூரில் உள்ள மகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதிவருவதற்கு, ஓரளவேனும் பேசத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அந்தப் பணியைச் செய்ய முடிந்ததை என் படிப்பின் ஒரு பகுதியாகவே மதிக்கிறேன்.

வாடகை ஒப்பந்தம், மருந்துக்கடை, நகராட்சிப் பதிவு ஆகியவற்றிலும் இதே நிலைதான். பருவகாலத்துக்கு மட்டும் வீடு எடுப்பவரும் நிரந்தரமாகக் குடியிருப்பவரும் ஸ்பெயினின் 1994ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் வெவ்வேறு வகையினர். முன்பணம் முதல் அவர்களுக்குரிய விதிகள் மாறுபடும். தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்று மாணவர் படித்துப் பார்க்க வேண்டாமா?

செய்ய வேண்டியது கடினமானதும் அன்று. 1987இல் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம், பக்கத்து நாட்டுக்குச் செல்லும் தன் மாணவர்களுக்கே 2014 முதல் இணையவழி மொழிப் பயிற்சி அளிக்கிறது. கடல் கடந்து செல்லும் நம் மாணவர்களுக்கு அது இன்னும் அவசியம். சென்னையில் ஜெர்மனுக்குக் கோதே நிறுவனமும், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேசும், ஜப்பானியத்துக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாயும் இருக்கின்றன. ஸ்பானியத்துக்குப் புதுதில்லியில் செர்வாந்தேஸ் நிறுவனம் இருக்கிறது, இணையவழியிலும் படிக்கலாம். எனவே, பரிமாற்றத்துக்கான மாணவர்களைப் புறப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு செமஸ்டர் முன்பாகவே தேர்ந்தெடுத்து, அந்தச் செமஸ்டரில் அன்றாடத் தேவைகளை எளிய சொற்களில் பேசிச் சமாளிக்கும் ஏ2 நிலை வரை மொழியைக் கற்பித்து, அதற்கு உரிய கிரெடிட்டும் வழங்க வேண்டும். கட்டணத்தைக் கல்லூரியே ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே மொழியோடு செல்வார்கள். அடுத்த கல்வியாண்டுக்கான ஒப்பந்தங்களைப் பல கல்லூரிகள் இப்போது புதுப்பித்துவருகின்றன. மொழிப் பயிற்சியை ஒரு கட்டாயப் பிரிவாக அவற்றில் சேர்க்குமாறு கல்லூரி முதல்வர்களையும் சர்வதேச உறவுகள் பிரிவின் பொறுப்பாளர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிவில் பொறியியல் மாணவி,
தஞ்சாவூர்