பூம்புகார் – தரங்கம்பாடி கடற்கரை நடை

நண்பர்களே, வணக்கம். ஜனவரி 18, ஞாயிறு நடை உறுதி. காலை 5.30க்கு மயிலாடுதுறை பேருந்து நிலையம். வண்டி காத்திருக்காது.

1. காவிரி கடலில் கலக்கும் இடத்திலிருந்து மணலில் நடந்து சிலப்பதிகாரக் கலைக்கூடம். சுவரெங்கும் கண்ணகி கதை கல்லில் இருக்கிறது. செல்ஃபி எடுத்துவிட்டு ஓடாமல் வரிசையாகப் பாருங்கள்.

2. அப்புறம் வண்டியில் தரங்கம்பாடி. 1620இல் டேனியர் கட்டிய கோட்டை, பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306ஆம் ஆண்டுப் பாண்டியர் கோயில். முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. எனக்கு இந்த இடம்தான் முக்கியம்.

3. தொப்பி, தண்ணீர் அவசியம். கடலில் இறங்கக் கூடாது.

4. புளிசாதம் என் பொறுப்பு. துவையல் யார்?

வியாழன் இரவுக்குள் பெயரும் எத்தனை பேர் என்பதும் எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.