கூட்டருகே கூட்டிப் போகாதீர்கள்

ஆல்ப்ஸ் மலையில் தாடிப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகைப் பார்க்க ஆட்களை அழைத்துச் செல்லும் பயண அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலருடைய குளிர்கால அறிவிப்பில் "கூட்டை அருகிலிருந்து படமெடுக்கலாம்" என்றொரு வாசகம் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லத்தான் இந்த மடல்.

இந்தப் பறவை அந்த மலைக்குத் தானாகத் திரும்பி வரவில்லை. ஆட்டுக்குட்டியையும் குழந்தையையும் தூக்கிப் போகிறது என்று பழி சுமத்தி, தலைக்குப் பரிசு வைத்துக் கொன்று தீர்த்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ப்ஸில் அது அற்றே போயிற்று. உண்மையில் அது தின்பதில் பெரும்பங்கு எலும்புதான். விழுங்க முடியாத எலும்பை உயரே தூக்கிப் போய்ப் பாறைமேல் போட்டு உடைக்கும். பழி சொன்னவர்கள் ஒருநாளாவது நின்று அதைப் பார்த்திருக்கலாம்.

1986-இல் ஆஸ்திரியாவின் ரௌரிஸ் பள்ளத்தாக்கில், மனிதர் பராமரிப்பில் பிறந்த குஞ்சுகளை முதன்முறையாக விட்டார்கள். இன்னும் பறக்காத, சுமார் மூன்று மாதக் குஞ்சுகளைப் பாறை இடுக்கில் வைத்து, ஆள் முகம் காட்டாமல் இரை போட்டு, அவை தாமே சிறகடித்துக் கிளம்பும்வரை தொலைவிலிருந்து காவல் இருந்தார்கள். அந்த மலையிலேயே பொரித்த முதல் குஞ்சு கூட்டைவிட்டுப் பறந்தது 1997-இல், பிரான்சில். நடுவில் 11 ஆண்டுகள்! முதிர்ந்து இணைசேரவே பல ஆண்டுகள் பிடிக்கும். இடுவது ஒரு முட்டை அல்லது இரண்டு. இரண்டும் பொரித்தாலும் பிழைப்பது ஒன்றுதான்.

அது முட்டையிடுவதோ நடுக்குளிர்காலத்தில். அடைகாப்பது ஏழு வாரங்களுக்கு மேல். உறைபனியில் அடைப்பறவை எழுந்து பறந்தால் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? நான் வந்த ஒரு பயணத்தில், "இன்னும் கொஞ்சம் ஏறினால் முகம் தெளிவாக விழும்" என்றார் வழிகாட்டி. ஏறினார்கள், பறவை எழுந்துவிட்டது. இறங்கிவிடலாம் என்றேன். "இதற்குத்தானே இவ்வளவு செலவழித்து வந்தோம்" என்று பதில் வந்தது.

காசு கொடுப்பவர்கள் நெருக்கமான படம் கேட்கிறார்கள் என்பீர்கள். அவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல சரக்கு உங்களிடம் இருக்கிறது. குஞ்சை விடுமுன் சிறகிலும் வாலிலும் சில இறகுகளைத் தேர்ந்தெடுத்து வெளுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு குஞ்சுக்கும் வெளுத்த இறகுகளின் வரிசை வேறு. அந்த இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும்வரை, வானில் போவது எந்தப் பறவை என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள். ஆகவே கீழிருந்து எடுத்த, சற்று மங்கலானதே ஆனாலும் சிறகும் வாலும் விரிந்து தெரிகிற ஒரு படம், கூட்டில் எடுத்த நூறு முகப்படங்களைவிட அவர்களுக்குப் பயன்படும். சிறகு விரித்தால் இரண்டரை மீட்டருக்கு மேல் வரும் பறவை இது. சரிவை ஒட்டித் தாழப் பறப்பதும் அதன் வழக்கம். கணவாயில் பொறுமையாக நின்றால் தலைக்கு மேலேயே வரும்.

குளிர்காலப் பாதையிலிருந்து கூடுள்ள பாறைகளை எடுத்துவிடுங்கள். கூடு இருக்கும் இடத்தை விளம்பரத்திலும் படக்குறிப்பிலும் சொல்லாதீர்கள். ட்ரோன் கொண்டுவருபவரைக் கீழேயே நிறுத்துங்கள். எடுத்த படங்களை நாளும் இடமும் குறித்து அங்குள்ள கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கோடையின் பிற்பகுதியில் இளம்பறவைகள் பறக்கப் பழகுவதையே காட்டலாமே. முன்பணம் கட்டியவர்கள் பயணத்தை அப்போதைக்கு மாற்றித் தரக் கேட்டால் மறுக்காதீர்கள். அப்படிக் கேட்டு எழுதப்போகும் முதல் ஆள் நான்தான்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவன்