கிணற்றில் இறங்கிய கடைக்குட்டி

பாரூர்

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே அனைவரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்ட வேண்டியதை மாங்காய்க் காலத்தில் வரும்போது நேரில் திட்டிக்கொள். இப்போது செய்தியைக் கேள்.

வாத்தியார் வீட்டுக் கடைக்குட்டி ராணுவத்தில் இருக்கிறான் அல்லவா? சைக்கிள் கற்றுக்கொடுக்கிறேன் என்று நீ பல்லை உடைத்தாயே, அதே பயல்தான். லீவில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். பக்கத்துத் தோப்புக் கிணற்றில் ஒரு சிறுமி விழுந்துவிட்டாள். கைப்பிடிச் சுவர் கிடையாது, படிகளும் இடிந்தவை. சுற்றி நின்றவர்கள் கூச்சல் போட, இவன் கயிற்றை மாமரத்தில் கட்டிவிட்டு இறங்கிவிட்டான். பயத்தில் அவள் இவன் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். இவனோ திமிறவில்லை, வேண்டுமென்றே தண்ணீருக்குள் அமிழ்ந்தான். மூழ்குகிறவர்கள் மேலே வரத்தான் பார்ப்பார்களாம், கீழே போகிற ஆளை விட்டுவிடுவார்களாம். பிடி தளர்ந்ததும் பின்பக்கமாக வந்து அவளைத் தாங்கிக் கயிற்றில் சேர்த்துவிட்டான். கேட்டால், "பழகியதுதான் அண்ணா" என்று பேச்சை மாற்றுகிறான்.

டீக்கடையில் அவனுக்கு அசோக சக்கரமே கொடுத்துவிட்டார்கள்! போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அது உண்டுதான். கீர்த்தி சக்கரம், சௌர்ய சக்கரம் என்று அடுத்த படிகளும் உண்டு. ஆனால் இவனுக்குப் பொருந்துவது 1961-இல் ஏற்படுத்திய ஜீவன் ரக்ஷா பதக்கம் என்பேன். நீரிலும் நெருப்பிலும் சிக்கியவர்களைக் காப்பாற்றியவர்களுக்கு உரியது. படைவீரர் என்றால் பணியில் இல்லாத நேரத்தில் செய்ததாக இருக்க வேண்டும். லுங்கியோடு இறங்கியவன் எந்தப் பணியில் இருந்தான்? மாநில அரசு பரிந்துரைத்தால் உள்துறை வழியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வரை போகும்.

அவன் வேண்டாம் என்கிறான். தருமபுரியில் இருக்கும் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. எல்லையில் இருக்கும்போதுதான் தூங்க மாட்டாள், லீவிலாவது தூங்கட்டும் என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தோப்புக்காரரைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. "பிள்ளைதான் பிழைத்துவிட்டதே, இனி எதற்குச் சுவர்?" என்கிறார். அவருக்கும் ஒரு மனு உண்டு, அதை நானே எழுதிக்கொள்கிறேன்.

பதக்க மனுவை நீ எழுது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்வது என் பொறுப்பு. நடந்ததை நடந்தபடி எழுது, போதும். உன் கல்லூரிக் காலக் கவிதை நடை மட்டும் வேண்டாம். வெல்ல மண்டிக்காரர் அந்தக் கடிதத்தை இன்னும் மறக்கவில்லை.

உன்,
மச்சான்