கடலில் போனவர்கள் மீது பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் 30 நெருங்கினாலே கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களான தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நெஞ்சு கனத்துப் போகும். 2017-இல் ஒக்கி புயல் கொண்டுபோன ஆட்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பங்கள் இருக்கிற இதே மாவட்டத்தில், கன்வென்ஷன் என்கிற கிறிஸ்தவ நற்செய்திக் கூட்ட மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சுனாமியும் ஒக்கியும் தேவனுக்குக் கீழ்ப்படியாத ஜனங்களுக்கு வந்த தண்டனை என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்கிறவர்களும் ஆமென் சொல்கிறார்கள். எனக்கு இதைத் தாங்க முடியவில்லை.

கீழ்ப்படியாமைக்கு விளைவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வேதாகமத்தில் உபாகமம் 28-ஆம் அதிகாரத்தில் முதல் 14 வசனம் ஆசீர்வாதம், மீதி 54 வசனமும் சாபம்தான். ஆனால் வேதாகமம் பெயர் சொல்லிக் காட்டுகிற ஆட்கள் யார் என்று பாருங்கள். சவுல் ராஜா. தாவீது ராஜா. பேசச் சொன்ன கன்மலையை அடித்ததற்காகக் கானானுக்குள் போக முடியாமல் போன மோசே. எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருந்தும் சவுல் அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டுவிட்டு, ஜனங்கள்தான் பலியிடக் கொண்டுவந்தார்கள் என்று பழியை ஜனங்கள் தலையில் போட்டான், தீர்க்கதரிசி சாமுவேல் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை, ராஜ்யம் போனது அவனுக்குத்தான்.

தீர்க்கதரிசி யோனாவை எடுத்துக்கொள்ளுங்கள், கடற்கரைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். நினிவேக்குப் போ என்று தேவன் சொன்னால் யோப்பாவில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினார். புயல் அடித்தபோது கப்பல்காரர்கள் சரக்கைக் கடலில் எறிந்து, அவரவர் தேவனைக் கூப்பிட்டுக் கதறிக்கொண்டிருக்க, கீழ்த்தட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் தீர்க்கதரிசி. என்னால்தான் இந்தப் புயல், என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று அவரே சொன்ன பிறகும், அவரைக் காப்பாற்றிக் கரைசேர்க்க வேண்டும் என்று அவர்கள் வலித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்தக் கப்பலில் கீழ்ப்படியாதவர் பிரசங்கம் பண்ண வேண்டிய ஆள். தண்டு வலித்தவர்கள் அல்ல!

அப்புறம் யோபு. அவருடைய பத்துப் பிள்ளைகளும் பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்துதான் செத்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த மூன்று நண்பர்களில் ஒருவனான பில்தாது என்ன சொன்னான்? உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனைத் தேவன் கொடுத்துவிட்டார் என்றான். இன்றைக்கு மேடையில் கேட்கிற அதே பேச்சு. கடைசி அதிகாரத்தில் தேவனுடைய கோபம் யார் மேல் மூண்டது என்று 42:7-ஐ வாசித்துப் பாருங்கள். யோபு மேல் இல்லை, என்னைக் குறித்து நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று அந்த மூன்று நண்பர்கள் மேல்.

இயேசுவும் இதைச் சொல்லியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மனந்திரும்பச் சொன்னது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து (லூக்கா 13).

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் இழுத்துக்கொண்டு போன குழந்தைகள் எந்தக் கட்டளையை மீறினார்கள் என்று அந்த ஊழியக்காரர்கள் சொல்வார்களா? தண்டனை என்று ஒருவர் சொன்னால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அன்று ராத்திரி தன் பாவத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதும் பத்துக் கட்டளைகளில் ஒன்றுதான், செத்தவர்களுக்கு எதிராகச் சொன்னாலும் அது பொய்ச்சாட்சிதான்.

மேடை போடுகிற சபைக் கமிட்டிகள் பேச்சாளரைக் கூப்பிடும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லியும் பேசினால், மைக்கை வாங்குவது கமிட்டியின் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்